பழைய வீடு: எதற்குப் பழகலாம், எதற்குப் பழகக்கூடாது

பழைய வீடுகளைச் சோதித்துப் பார்த்து, அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் எழுதிக் கொடுப்பது என் தொழில். கட்டடப் பொறியாளராக எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு பதில் தவறாமல் காதில் விழும்: "அது எப்பவுமே அப்படித்தான்." படுக்கையறைக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். மாடிப்படியில் ஒரு படி முனகும். குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொம்' என்று சத்தம் வரும். கூடத்தில் கோலிக்குண்டை விட்டால் தானாக ஒரு மூலைக்கு உருண்டுவிடும். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சகஜம். விருந்தாளிதான் திடுக்கிடுவார்.

அந்தப் பதில் பெரும்பாலும் உண்மைதான். வயதான வீட்டுக்குச் சில குணங்கள் இருக்கும், அவற்றோடு நிம்மதியாக வாழலாம். எனக்குக் கவலை தருவது வேறு. நம் கண் எதற்கும் பழகிவிடும். பத்து வருடமாக மாறாமல் இருக்கும் விரிசலும், போன மழைக்குப் பிறகு இரண்டு மடங்கு அகன்ற விரிசலும் அந்த வீட்டுக்காரர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, "போன வருடம் இதே நேரத்தில் இது எப்படி இருந்தது?" என்பதுதான். உறுதியாகப் பதில் சொல்பவர்கள் குறைவு.

கதவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் அதிகம் வெட்டப்படுவது அதுதான். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், வறண்டால் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். எனவே கதவின் உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் கூடிக் குறையும். ஈரமான மாதங்களில் கதவு இறுகியதும் தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிட்டால், வறண்ட காலத்தில் நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும். அவசரப்படாமல் முதலில் கீல் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கதவு தொங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அப்புறம் கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பல வீடுகளில் அந்த இரண்டு இடத்திலும் வண்ணமே பட்டிருக்காது, ஈரம் அங்கேதான் உள்ளே போகும். வறண்ட நாளில் அவற்றுக்கு வண்ணம் பூசினாலே பாதித் தொல்லை தீரும்.

ஆனால் வறண்ட காலத்திலும் கதவு ஒரு மேல்மூலையில் மட்டும் இடிக்கிறது, நிலைக்கு மேலே சாய்வாக ஒரு விரிசலும் ஓடுகிறது என்றால் கதவைக் குறை சொல்லாதீர்கள். அங்கே நகர்ந்திருப்பது சுவர். நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது வித்தியாசம் கூடியிருந்தால் ஆளைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

இரவுச் சத்தங்களைப் பற்றி அதிகம் பயப்படுகிறார்கள். பகலெல்லாம் வெயிலில் கிடந்த கூரை இரவில் குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். 6 மீட்டர் நீள இரும்பு உத்திரம் 20 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். அது சுவரில் உட்காரும் இடத்தில் உராய்ந்து நகரும்போது வரும் ஒலி, நிசப்தத்தில் பெரிதாகக் கேட்கிறது. குழாயின் 'டொம்'முக்குக் காரணம், ஓடும் தண்ணீர் சட்டென்று தடுக்கப்படும்போது எழும் அழுத்த அலை. குழாயைச் சுவரோடு கிளிப் போட்டு இறுக்கி, மெதுவாக மூடப் பழகினால் குறையும். அப்படியே விட்டால் நாளடைவில் இணைப்புகள் கசியும். புழங்காத குளியலறையில் சாக்கடை நாற்றம் வந்தால், வடிகால் வளைவில் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கலாம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

சரி, விரிசலுக்கு வருவோம். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த ஓர் அளவுமுறை பொறியாளர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. அதன்படி 1 மி.மீ. வரை இருந்தால் வண்ணம் பூசும்போது சரிசெய்துகொள்ளலாம். 5 மி.மீ. வரை சிறு சேதம், நிரப்பினால் போதும். 5 முதல் 15 வரை மிதமான சேதம், கதவு ஜன்னல்கள் சிக்கும். 15-க்கு மேல் போனால் கடுமையானது. அகலத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, ஒரு முனையில் குறுகி மறுமுனையில் அகல்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் கதையைச் சொல்லும். ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் இணைப்புகள் வழியே படிப்படியாக ஏறும் விரிசல், அடித்தளத்தின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகமாக இறங்கியிருப்பதைக் காட்டலாம். பூச்சில் வலைபோலப் படர்ந்த மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்தபோது வந்தவை.

விரிசலின் வயதை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உள்விளிம்பில் பழைய வண்ணமோ அழுக்கோ ஒட்டடையோ இருந்தால் அது பழையது. விளிம்பு கூர்மையாகவும் உட்பக்கம் சுத்தமாகவும் இருந்தால் புதியது. அது நகர்கிறதா என்று அறிய, இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடிழுத்துத் தேதி போடுங்கள். விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு சிறு திருகு பதித்து, இடைத்தூரத்தை மாதம் ஒருமுறை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதுங்கள். ஒரு முழு வருடமாவது அளக்க வேண்டும். களிமண் நிலம் ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும், பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் அதிகமாகச் சுருங்கும். அதனால் சில விரிசல்கள் பருவத்தோடு திறந்து மூடும். இரண்டு மாத அளவை மட்டும் பார்த்தால் வீணாகப் பயப்படுவீர்கள், அல்லது வீணாக நிம்மதி அடைவீர்கள். விரிசலைக் காரையால் அடைத்து மேலே வண்ணம் பூசிவிட்டு என்னைக் கூப்பிடுபவர்களிடம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நான் படிக்க வேண்டிய பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நான் மன்றாடுவது ஓதம் ஏறிய சுவருக்காக. சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவர்கள் பலவற்றில் அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. நிலத்து ஈரம் செங்கலின் நுண்துளைகள் வழியே, வழக்கமாக ஒரு மீட்டர் உயரம் வரை ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஏறுவதும் காய்வதும் ஒரு சமநிலையில் நிற்கும். சுவர் கொஞ்சம் பொரியும், சுண்ணாம்பு அடித்தால் சரியாகிவிடும். இந்த ஏற்பாட்டில் பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன.

பிறகு ஒரு நாள் யாரோ, "பலமாக இருக்கட்டும்" என்று பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் வண்ணமும் அடித்துவிடுகிறார்கள். முதல் வருடம் பளபளவென்று இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் மேலும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளும். சிமெண்ட் பெயரும்போது கூடவே செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். உடனே இன்னும் கெட்டியான சிமெண்ட், இன்னும் உயரமாக. இப்படி இடுப்பளவில் நின்ற ஓதம் ஜன்னல் மட்டம் தாண்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டின் வயது செய்யாத கெடுதலைப் பழுதுபார்ப்பு செய்திருந்தது.

ஓதத்தைப் பார்த்ததும் பூச்சைத் தேடிப் போகாமல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கூரைநீர்க் குழாய் உடைந்து சுவரில் வடிகிறதா? பூச்செடிப் பாத்தி சுவரை ஒட்டி இருக்கிறதா? வருடக்கணக்கில் மண்ணும் தளமும் போட்டுப் போட்டு வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா? கடைசியாகச் சொன்னது பழைய வீடுகளில் மிகவும் சாதாரணம், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. காரணத்தை நீக்கிய பிறகு சிமெண்டை எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. அதன்படி 9 அங்குலச் சுவருக்கு முக்கால் வருடம். இந்தப் பொறுமை கடினம்தான், வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது. காய்ந்த பிறகு மறுபடி சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். அதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. மயிரிழை விரிசல்களில் நீர் புகும்போது கரையும் சுண்ணாம்பு, அங்கேயே மறுபடி படிந்து அவற்றைத் தானாக அடைத்துக்கொள்ளும்.

கான்கிரீட் கூரையுள்ள பழைய வீட்டில் கணக்கு வேறு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊடுருவி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிடும். துரு, அது உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும், அதனால் கான்கிரீட் பிளந்து விழும். கம்பி ஓடும் நேர்க்கோட்டில் விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளல் சத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஒரு வருடம் அளந்துகொண்டிருக்கக் கூடாது. அந்த இடத்துக்குக் கீழே யாரும் படுக்காமல் பார்த்துக்கொண்டு, உடனே பொறியாளரை அழையுங்கள். அதே கூரைமேல் புதிதாக 1000 லிட்டர் தொட்டி வைப்பது ஒரு டன் எடையை ஏற்றுவதாகும். இடத்தை விசாலமாக்க உள்சுவரை இடிப்பதும் அப்படித்தான். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

பழகவே கூடாதவை சில உண்டு. "ஈரக்கையோடு அந்தக் குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்" என்று என்னிடமே சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வீட்டின் குணம் அல்ல, உயிருக்கு ஆபத்து. சுவிட்ச் சூடாவது, மீன் நாற்றம்போல ஒரு பிளாஸ்டிக் வாடை, ஓர் அறையில் விளக்கு மங்கும்போது இன்னோர் அறையில் பிரகாசம் கூடுவது ஆகியவையும் அதே வகை. பழைய ரப்பர் உறையிட்ட ஒயர்கள் காலப்போக்கில் இறுகி உதிரும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இல்லையென்றால் பொருத்தச் சொல்லுங்கள், இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

எரிவாயு அல்லது விறகு எரியும் அறையில் தலைவலி வந்து, வெளியே போனதும் தெளிந்தால் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. எல்லோரும் உடனே வெளியேறுங்கள், புகைபோக்கியைச் சோதிக்காமல் மறுபடி பற்றவைக்காதீர்கள். பழைய வண்ண அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளுக்குக் கேடு. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைப்பதும் உடைப்பதும் வேண்டாம்.

மற்றவற்றுக்கெல்லாம் ஒரு நோட்டு போதும். வீட்டின் ஒவ்வொரு விசித்திரத்தையும் எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புகைப்படம் எடுத்துவையுங்கள். வருடத்தில் ஒருமுறை ஈரமான காலத்திலும் ஒருமுறை வறண்ட காலத்திலும் பார்த்தால் போதும். பொறியாளரை அழைக்கும்போது, ஓதத்துக்கு மருந்தோ விரிசலுக்குப் பூச்சோ விற்காதவராகப் பாருங்கள். விற்பவர் இலவசமாகச் சோதித்தாலும் முடிவில் தன் சரக்கைத்தான் எழுதுவார். அறிக்கையில் எதை இப்போதே சரிசெய்ய வேண்டும், எதை எந்த மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். மூன்றாவதையும் எழுதித் தர அவர் கடமைப்பட்டவர்.