குளோன்: ஆட்டுக்குட்டிக்கு முன்னால் ஒரு குச்சி

ஆடிக்காற்றில் எங்கள் வீட்டு முருங்கையில் ஒரு கிளை ஒடிந்து விழுந்தது. மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு ஆச்சி வந்துவிட்டார். "அந்தக் கொப்புல எனக்கொரு போத்து வெட்டித் தாப்பா." கைத்தண்டைப் பருமனில் மூன்று முழம் வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, மேல்வெட்டு காயாமலிருக்கச் சாணியை உருட்டி அப்பிக் கொடுத்தேன். "தலைகீழா நட்டுராதீங்க" என்றதற்கு, "நீ பொறக்கும் முன்னால இருந்து நடுறேன்" என்று பதில் வந்தது. இப்போது அங்கேயும் காய்க்கிறது. அதே நீளம், அதே சதை, அதே ருசி.

ஆச்சி கொண்டுபோனதற்கு அறிவியல் சொல்லும் பெயர் குளோன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு டாலி என்ற செம்மறியாடுதான் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வுக்கூடத்தில் 1996-இல் இன்னொரு ஆட்டின் அச்சாகவே பிறந்து, மறுவருடம் உலகத்துப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்த ஆடு. ஆனால் சொல் பிறந்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, தோட்டத்தில். 1903-இல் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த ஹெர்பர்ட் வெப்பர் என்ற தாவரவியலாளருக்கு ஒரு சிக்கல். விதை போட்டு வளர்க்கும் கோதுமையையும், குச்சியும் கிழங்கும் ஒட்டும் வைத்துப் பெருக்கும் ஆப்பிள், உருளை, ஸ்ட்ராபெரியையும் ஒரே 'ரகம்' என்ற சொல்லால் சுட்டுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. முன்னதில் ஒவ்வொரு செடியும் தனி உயிர். பின்னதில் ஆயிரம் செடி இருந்தாலும் எல்லாம் ஒரே செடியின் துண்டுகள். சக விஞ்ஞானி ஓ. எஃப். குக் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துக் கொடுத்தார்: 'க்ளோன்', அதாவது சிறுகிளை. ஒடித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நடுவதற்கென்று ஒடித்த கொப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆச்சி கேட்டதும் அதைத்தான்.

ஒடித்து நடுவதில் அப்படி என்ன இருக்கிறது? விதை என்றால் மகரந்தம் வந்து சூலோடு சேர்ந்தது. தாயும் உண்டு, தகப்பனும் உண்டு. தகப்பன் யாரென்று தேனீக்குத்தான் தெரியும். நல்ல ஒட்டுமாம்பழத்தின் கொட்டையைப் புதைத்து, ஏழெட்டு வருடம் காத்திருந்து, நாரும் புளிப்புமாகப் பழம் பார்த்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். போத்தில் அந்தச் சீட்டாட்டம் கிடையாது. தாய் மட்டும்தான், அதுவும் தாயே மறுபடியும். (விதையிலும் இந்த வித்தை உண்டு: எலுமிச்சை இனத்தில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், அவற்றில் சில தாயின் அச்சாகவே இருக்கும்.)

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பத்திரிகைகள் 'நகலாக்கம்' என்றும் 'படியாக்கம்' என்றும் எழுதுகின்றன. நகல் அரபியிலிருந்து வந்த சொல், பத்திரம் எழுதுமிடத்துச் சொல். ஆட்டுக்குப் பொருந்தலாம். முருங்கைக்குப் பொருந்துமா? அசலைப் பார்த்துச் செய்த வேறொன்றுதான் நகல். போத்து வேறொன்றல்ல, அசலிலேயே வெட்டி எடுத்த பகுதி.

போத்து எவ்வளவு பழைய சொல் என்பதற்குத் தொல்காப்பியத்தின் 'மரபியல்' என்ற பகுதி சாட்சி: "பிள்ளை குழவி கன்றே போத்தெனக் கொள்ளவும் அமையும் ஓரறி வுயிர்க்கே." செடிகொடிகளின் இளமைக்கு இந்தப் பெயர்களும் ஆகும் என்கிறது. தென்னம்பிள்ளை, வாழைக்கன்று, முருங்கைப் போத்து என்று இன்றும் அப்படியேதான் பேசுகிறோம். அடுத்த நூற்பா நெல்லையும் புல்லையும் விலக்கிவிடுகிறது. நெற்கன்று என்று யாரும் சொல்வதில்லை, நாற்றுதான். (அதே மரபியலில் போத்து ஆண் விலங்குக்கும் பெயர். குழம்ப வேண்டாம்.)

முறைக்கு ஒரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது. கரும்புக்குக் கரணை, மரவள்ளிக்குக் குச்சி, கிளையை வளைத்து மண்ணில் பதித்தால் பதியம், மாவுக்கு ஒட்டு. இல்லாதது ஒன்றுதான்: ஒரே தாயிலிருந்து இப்படி வந்த அத்தனை செடிக்கும் சேர்த்து ஒரு பெயர். வெப்பர் தேடியது அந்தப் பெயரைத்தான். 'போத்துவழி' என்று வைத்தால் எனக்குச் சரியாகப் படுகிறது. பாடநூலின் 'உடல இனப்பெருக்கம்' செயலைச் சொல்கிறது, கூட்டத்தைச் சொல்லவில்லை. 'வாழையடி வாழை' ஏறக்குறைய அதைச் சொல்லிவிடுகிறது, ஆனால் அதைக் கல்யாண வீட்டு வாழ்த்துக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்த வாழ்த்துக்குள் ஒரு வில்லங்கமும் உண்டு. எல்லாம் ஒரே செடி என்றால் ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் வாழையைப் பனாமா வாடல் நோய் தின்று தீர்க்க, 1960-களுக்குள் கேவண்டிஷ் அந்த இடத்தைப் பிடித்தது. அதுவும் ஒரு போத்துவழிதான். நம் பக்கத்தில் விருப்பாச்சி மலைவாழையை முடிக்கொத்து நோய் பெருமளவு அழித்தது. அசுவினி என்ற சிறு பூச்சி பரப்பும் வைரஸ் அது. தாய்மரத்தில் இருந்தால் பக்கக்கன்றிலும் இருக்கும். தெரியாமல் அந்தக் கன்றைப் பறித்துப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தால் நோயும் கூடவே போகும்.

ஆச்சிக்குப் போத்து வெட்டும் முன் இலையை ஒருமுறை புரட்டிப் பார்த்தது அதனால்தான்.