மருந்துக்கும் உண்டு ஒரு பாஸ்புக்

"ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க." அரசு ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் கால் கடுக்க நின்றவருக்கு இதைவிடக் கசப்பான மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் இந்த வார்த்தையைக் குறைக்கத்தான் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிறந்தது. மாநிலம் முழுவதற்குமான மருந்துகளை, பிராண்டு பெயரில் அல்லாமல் மூலப்பெயரில், டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவது அதன் வேலை.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும், அது மளிகைக்கடைக் கணக்கு. எனக்குப் பிடித்தது பாஸ்புக்தான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கி ஒரு பாஸ்புக் தருகிறார்கள். பணம் கைக்கு வராது. மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க, அதன் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். எதை எவ்வளவு எடுப்பது என்பது மருத்துவமனையின் முடிவு. தர்மபுரிக்கு எத்தனை குப்பி பாம்புக்கடி மருந்து வேண்டும் என்று சென்னையில் உட்கார்ந்து யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

சரி, கிடங்கு எப்போது அடுத்த ஆர்டரைப் போட வேண்டும்? ஒரு மாத்திரை மாதம் 1 லட்சம் செலவாகிறது, ஆர்டர் போட்டால் வந்துசேர 2 மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 2 லட்சம் இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. வந்த சரக்கு வந்த அன்றே விநியோகத்துக்குப் போகாது. ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ரகசிய எண் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே தேறிய பிறகுதான் வெளியே போகும். அதற்கு அரை மாதம் என்றால் இன்னும் 50,000 வேண்டும். லாரி தாமதம், காய்ச்சல் சீசன் என்று அப்புறம் இன்னும் கொஞ்சம் மாத்திரை.

இந்தக் கணக்கை ஒரே அடியில் கவிழ்க்கக்கூடியது மலிவு விலை. குறைந்த விலை சொன்ன ஒரே கம்பெனியை நம்பி, அது கைவிட்டால் மாநிலமே காலி. அதனால் அதே விலைக்குச் சம்மதிக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் ஆர்டரைப் பிரித்துத் தருகிறார்கள். பில் தொகையை இழுத்தடிக்காமல் கொடுப்பதும் இதே அளவு முக்கியம் என்பேன். பணம் வராத இடத்துக்கு அடுத்த டெண்டரில் யார் வருவார்கள்?

ஆனால் பாம்புக்கடி மருந்துக்கு டெண்டர் சாமர்த்தியம் ஓரளவுக்குத்தான் உதவும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அது மருந்துக் கம்பெனிகளுக்குப் போய், குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றப்படுகிறது. அவற்றின் ரத்தத்தில், பின்னர் மருந்தாகும் எதிர்ப்புப் புரதம் போதிய அளவு ஊற மாதங்கள் பிடிக்கும். கையிருப்பு தீர்ந்த பிறகு இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும், குதிரை தன் வேகத்தில்தான் அதைத் தரும்.