பிரேக் என்றால் முறிவு இல்லை, வரம்பு

சி மொழியில் நினைவகம் பற்றிப் படித்தால் 'புரோகிராம் பிரேக்' என்ற சொல் வரும். பஸ் பிரேக்கை நினைத்து 'நிறுத்தி' என்று எழுதியவர்களையும், அகராதியைப் புரட்டி 'நிரல் முறிவு' என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் தப்பு. அங்கே எதுவும் நிற்கவுமில்லை, முறியவுமில்லை.

நிரலின் தரவுப் பகுதி முடிந்து, அதற்கு அடுத்த முகவரிதான் இந்த பிரேக். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இந்தப் பெயரில், இந்த முகவரியை மாற்றச் சொல்லி இயங்குதளத்தைக் கேட்கும் ஓர் அழைப்பு உண்டு. சி-யிலோ லூப்பை விட்டு வெளியேறும் பிரேக் ஒதுக்கப்பட்ட சொல், அதே பெயரை இதற்கும் வைக்க முடியாது; உயிரெழுத்துகளைப் பிடுங்கிய 'பிஆர்கே'தான் நிலைத்தது.

தமிழில் இதற்கு வரம்பு என்பேன். வயலின் கரைக்கும் எல்லைக்கும் ஒரே சொல் இது, வலித்து வரப்பு ஆனது. எங்கள் வாலிநோக்கம் பக்கம் உப்பளப் பாத்திகளுக்கும் வரப்புதான்.

சரி, 'ஃப்ரீ போட்டேன், நினைவகம் குறையவே இல்லையே' என்ற பழைய புலம்பலுக்கு வருவோம். (சி-யில் நினைவகம் கேட்டு வாங்குவது மாலக், அதை விடுவிப்பது ஃப்ரீ.) வரிசையாகப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்கள், கூட்டவோ குறைக்கவோ வெளிவரப்பை மட்டுமே நகர்த்தலாம் என்று வையுங்கள். கடைசிப் பாத்தியில் வாராத உப்பு கொஞ்சம் கிடந்தாலும், நடுவில் பத்துப் பாத்தி காலியாக இருந்தென்ன, வரப்பை உள்ளே இழுக்க முடியாது. ஃப்ரீ செய்வது, பாத்தி காலி என்று உங்கள் கணக்கிலேயே குறித்து வைப்பது. அடுத்த மாலக் அதையே எடுத்துக்கொள்ளும். நுனியில் 128 கிலோபைட்டுக்கு மேல் காலியானால்தான் கிளிப்சி (லினக்ஸில் மாலக், ஃப்ரீ இரண்டையும் தரும் சி நூலகம்) தானாக வரப்பை இழுக்கும். அந்த அளவை எட்டும் பெரிய துண்டுகளுக்கு எம்மேப் என்ற வேறோர் அழைப்பு வரப்புக்கு வெளியே தனி நிலம் தரும், ஃப்ரீ போட்டதும் அது நேராக இயங்குதளத்துக்கே போய்விடும். (இந்த 128 தொடக்கக் கணக்குதான், அப்படிப் பெரிய துண்டுகளை விடுவிக்க விடுவிக்கத் தானே ஏறும்.)

அப்போ நடுவில் காலியாகக் கிடப்பது? கிளிப்சியின் 'மாலக்_டிரிம்' போட்டுப் பாருங்கள். கிளிப்சி 2.8 முதல் அது நடுவில் முழுதாகக் காலியான பக்கங்களையும் (பெரும்பாலும் 4096 பைட்) விட்டுவிடுகிறது. வரப்பு அசையாது, பாத்தி உங்கள் பெயரிலேயே இருக்கும், தண்ணீர் மட்டும், அதாவது அதற்குப் பின்னாலிருந்த அசல் நினைவகம் மட்டும், வடிந்துவிடும்.

பிரேக்கை இத்தனை பைட் தள்ளு என்று சொல்லும் 'எஸ்பிஆர்கே'வுக்கு 'வரம்பு நகர்த்தல்' போதும், மைனஸ் எண் கொடுத்தால் உள்ளே வரும். ஆனால் மாலக் அதே வரப்பை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்களாகப் போய் நகர்த்தாதீர்கள்.