ஆரல் இருக்கும் தொட்டியில் செடி நிற்குமா?

"ராத்திரி நட்டுட்டுப் படுத்தேன், காலையில பார்த்தா எல்லாம் மேலே மிதக்குது." மீன்தொட்டி பராமரிப்பு வேலையில் மாதம் ஒருமுறையாவது இந்தப் புலம்பல் காதில் விழும். என்ன மீன் என்று கேட்டால் பெரும்பாலும் ஆரல், இல்லையென்றால் குலி லோச். நம்ம ஊர் அயிரை போலவே மணலில் புதைந்து வாழும் சாதி. ஆரல் பகலெல்லாம் மூக்கு மட்டும் தெரியக் கிடக்கும். விளக்கை அணைத்ததும் உழவைத் தொடங்கிவிடும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

போன மாதம் ஒரு வீட்டில் அப்படித்தான் நிறுத்தப் பார்த்திருந்தார்கள். மணலை அள்ளிவிட்டுப் பொடி ஜல்லியை நிரப்பியிருந்தார்கள். ஆரலின் வயிற்றோரம் நெடுக வெள்ளைக் கீறல், ஓரிடத்தில் பஞ்சு போலப் பூஞ்சை. அதன் செதில் மிகப் பொடி. கீறல் பட்டால் சீக்கிரம் புண்ணாகும். எம்-சாண்டும் வேண்டாம். அதுவும் கல்லை உடைத்து எடுப்பதுதான், முனை மழுங்கியிருக்காது. உருண்ட ஆற்று மணலை நீர் தெளியும்வரை அலசிப் போடுங்கள்.

செடிக்கு வருவோம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் மண்ணே தேவையில்லை. இஞ்சி போலப் படுத்து ஓடும் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். மரத்துண்டில் நூலால் கட்டுங்கள், அல்லது ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்து அழுத்துங்கள். வேர் தானே மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கிரிப்டோகோரைன் அப்படியில்லை. வேர் வழியாகத்தான் சாப்பாடு. அடிக்கடி பிடுங்கினால் இலையெல்லாம் கரைந்துபோகும். அதைச் சின்ன மண்சட்டியில் நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி, சட்டியோடு மணலில் இறக்கிவிடுவேன். புதுத் தொட்டி என்றால் செடியை முதலில் வைத்து, மூன்று நான்கு வாரம் கழித்து மீனை விடுவது நல்லது. பொறுமை யாருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

செடியைக் காக்கப் பெரிய கல்லை மணல்மேல் தூக்கி வைப்பவர்களும் உண்டு. ஆரல் அடியில் குடைந்தால் கல் சாய்ந்து கண்ணாடியில் மோதும். கல்லை முதலில் தொட்டியின் அடியில் உட்கார வைத்து, அப்புறம் மணலைப் போடுங்கள்.

அந்த வீட்டு ஆரல் இப்போது இரண்டு சட்டிக்கு நடுவே இருக்கும் மணலில்தான் படுக்கிறது. செடி நிற்கிறது. மூடியில் ஃபில்டர் குழாய் நுழையும் இடைவெளியை அடைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு விரல் சந்து போதும், ஆரல் வெளியே வந்துவிடும்.