சிக்கு வாடையும் நுரையீரல் புற்றுநோயும்

தீபாவளி முறுக்கு டப்பாவின் அடியில் தங்கிவிட்ட நாலைந்தை ஒரு மாதம் கழித்து எடுத்தால் சிக்கு வாடை அடிக்குமே, அது எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போன வாடை. நம் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்விலும் கொழுப்பு நிறைய உண்டு. அதுவும் இப்படிச் சிக்குப் பிடிக்கும். முற்றினால் செல் செத்துவிடும்.

இந்தச் சாவுக்கு 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் ஃபெர்ரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ‘ஃபெர்ரம்’ என்றால் லத்தீனில் இரும்பு. செல்லுக்குள் எதிலும் கட்டுப்படாமல் திரியும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு மோதினால், கண்டதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகள் பிறக்கின்றன. சவ்விலுள்ள ஒரு கொழுப்பு கெட்டால் அது பக்கத்துக் கொழுப்பையும் கெடுக்கும். அப்படியே பரவி, கடைசியில் சவ்வு கிழிந்துவிடும்.

சரி, நாமெல்லாம் எப்படிப் பிழைத்திருக்கிறோம்? ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி, இப்படிக் கெட்டுப்போன கொழுப்பை உடனுக்குடன் சரிசெய்துகொண்டே இருக்கிறது. அதற்கு குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு வேண்டும். குளுட்டாதயோன் செய்ய வெளியிலிருந்து சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் வர வேண்டும்.

இப்போது நுரையீரலைப் பாருங்கள். உடம்பிலேயே ஆக்சிஜன் மிகுதியாகப் படும் இடம். அங்கே முளைத்த புற்றுநோய்ச் செல்லோ, வேகமாகப் பெருகுவதற்காக இரும்பையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. காவலைப் பலப்படுத்தாமல் அங்கே காலம் தள்ள முடியாது. இந்தப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் கீப்1 மரபணுக் கோளாறு அதற்குத்தான் உதவுகிறது: என்ஆர்எஃப்2 என்ற புரதம் கட்டவிழ்ந்து, சிஸ்டைன் வரும் வாசலை அகலத் திறந்துவிடுகிறது.

ஆகவே புற்றுநோய்ச் செல்லை இப்படிச் சாகடிக்க, ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரும்பைக் கூட்டப் பார்க்கவில்லை, காவலைக் கலைக்கப் பார்க்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் இரும்புச்சத்து மாத்திரை வாங்க ஓடாதீர்கள்.) வழக்கமான மருந்துக்குத் தப்பிப் பதுங்கிக் கிடக்கும் சில புற்றுநோய்ச் செல்கள் ஜிபிஎக்ஸ்4ஐத்தான் நம்பி வாழ்கின்றன என்று 2017இல் தெரியவந்தபோது ஆசை இன்னும் கூடியது. ஆனால் அந்த நொதி நல்ல செல்களுக்கும் வேண்டும். வளர்ந்த எலிகளில் அந்த மரபணுவை நீக்கியதும் சிறுநீரகம் பழுதாகி அவை இறந்தன.

அப்புறம் 2019இல் இன்னொரு காவலாளி அகப்பட்டது. எஃப்எஸ்பி1 என்ற புரதம். இது குளுட்டாதயோனைத் தொடுவதே இல்லை, கோஎன்சைம் க்யூ10 என்ற, கொழுப்பில் கரையும் மூலக்கூறை வைத்துக்கொண்டு சவ்வைக் காக்கிறது. கீப்1 கோளாறுள்ள நுரையீரல் கட்டிகளில் இதுவும் கூடுதலாக உருவாகிறது. இந்த மரபணு அறவே இல்லாத எலிகள் சாதாரணமாகவே வளர்கின்றன. நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் இதன் மேல்தான் கட்டுவேன்.