ரொட்டி சானாய் மாவு ஏன் கிழிவதில்லை?

ஈப்போவிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மாமாக் கடையில் ரொட்டி போடுபவர் உள்ளங்கையில் அடங்கும் உருண்டையை நான்கைந்து வீச்சில் மேசை அகலத்துக்கு விரித்துவிடுகிறார். அதே கோதுமை மாவையும் அதே மாஜரினையும் வாங்கி நான் வீட்டில் செய்தால் இரண்டாம் வீச்சிலேயே கிழிந்துவிடுகிறது. அவருக்குக் கைராசி என்கிறார் என் மாமியார். உண்மையில் என்ன நடக்கிறது?”

மலாயாவுக்குப் போன தமிழ் முஸ்லிம்கள் தங்கள் ஊர்ப் பரோட்டாவையும் உடன் கொண்டு போனார்கள். அவர்களை அழைத்த ‘மாமா’ என்ற சொல்லே ‘மாமாக்’ ஆனது. சிங்கப்பூரில் பிராட்டா என்று வழங்கும் அந்தப் பண்டம் மலேசியாவில் ரொட்டி சானாய் ஆயிற்று. மலேசியாவின் காலைப் பசியாறல் பண்பாட்டை யுனெஸ்கோ 2024இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டபோது, நாசி லெமாக்குடனும் தே தாரிக்குடனும் ரொட்டி சானாயும் அதில் இடம்பெற்றது. வரலாறு இவ்வளவு போதும். வாசகியின் கேள்வி மாவைப் பற்றியது.

கோதுமை மாவில் பெரும்பங்கு மாவுச்சத்து. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே புரதம். அந்தப் புரதத்தில் கிளையடின், குளுட்டெனின் என்ற இரண்டும் நீர் பட்டுப் பிசையப்படும்போது ஒன்றாகப் பின்னிக் குளூட்டன் என்னும் வலையாகின்றன. பிசைந்த மாவை ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து பாலாகக் கரைந்தோட, சவ்வு போன்ற ஒரு பொருள் கையில் எஞ்சும். இத்தாலிய அறிஞர் பெக்காரி இதைப் பிரித்தெடுத்த விவரம் 1745இல் அச்சாகியிருக்கிறது. அரிசியில் இந்த வலை உருவாவதில்லை. அதனால்தான் இடியாப்ப மாவைக் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, மாவுச்சத்தின் பசையை நம்பிப் பிழிகிறோமே தவிர, அதை எவராலும் வீச முடிவதில்லை.

கிளையடின் சிறிய மூலக்கூறு. மாவுக்கு வழுவழுப்பையும் ஓடும் தன்மையையும் தருவது. குளுட்டெனினோ பல துணையலகுகள் கந்தகப் பிணைப்புகளால் கோக்கப்பட்டு, இயற்கையில் காணக்கூடிய மிகப் பெரிய புரதங்களுள் ஒன்றாக நீண்டு கிடப்பது. மாவைப் பிசையும்போது இந்த நெடுஞ்சங்கிலிகளை நாம் இழுக்கிறோம், திருகுகிறோம், ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிவிடுகிறோம். பிசைந்து முடித்த கணத்தில் ஒவ்வொரு சங்கிலியும் விறைத்து நிற்கிறது. அந்த நிலையில் மாவை விரித்தால் அது சுருங்கத்தான் பார்க்கும். வலிந்து விரித்தால் கிழியும்.

உருண்டைகளை மாஜரினில் புரட்டிப் பல மணி நேரம், சில கடைகளில் இரவு முழுவதும், ஊறப்போடுவது இதற்காகத்தான். சங்கிலிகளுக்கிடையே உள்ள வலுவற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் ஓயாமல் அறுந்து அறுந்து வேறிடத்தில் மீண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. அப்படி அறுந்து ஒட்டும் ஒவ்வொரு முறையும், இழுபட்டு நின்ற சங்கிலி சற்று நழுவித் தன் இழுவையைத் தளர்த்திக்கொள்கிறது. குட்டையான சங்கிலிகள் விரைவில் தளர்ந்துவிடும். மிக நீண்டவை ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் அவற்றுக்கு மணிக்கணக்கில் தேவைப்படும். பிசைந்த கை கொடுத்த இழுவையை மாவு மெல்ல மெல்ல மறக்கிறது. ஆனால் கந்தகப் பிணைப்புகள் விடாமல் பிடித்திருப்பதால் வலை வலையாகவே நீடிக்கிறது. மாஜரின் பூச்சுக்கும் இதில் வேலை உண்டு. அது இல்லாவிட்டால் உருண்டையின் மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டும். வீசும்போது கிழிசல் அந்தத் தோலில்தான் தொடங்கும்.

என்னை எப்போதும் வியக்க வைப்பது இதற்கு அடுத்த கட்டம். ஊறிய மாவில் சங்கிலிகள் புடவைக் கொசுவத்தைப் போல மடிப்பு மடிப்பாக அமைகின்றன. 1999இல் ஆய்வாளர் பீட்டர் பெல்டன் முன்வைத்த விளக்கத்தின்படி, அருகருகே ஓடும் இரு சங்கிலிகள் சில இடங்களில் ஒட்டியும் சில இடங்களில் நீரை உள்ளே வைத்துக் கண்ணியாக வளைந்தும் நிற்கின்றன. இழுக்கும்போது முதலில் அந்தக் கண்ணிகள்தான் நிமிர்கின்றன. இப்போது வீச்சில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிட மெலிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சாதாரணப் பசையாக இருந்தால் மெலிந்த இடமே மேலும் மேலும் மெலிந்து அறுந்துபோகும். குளூட்டனில் நடப்பது நேர்மாறானது. மெலிந்த இடத்தில் கொசுவங்கள் விரிந்து தீர்ந்துவிட்டதால் அந்த இடம் விறைத்துக்கொள்ள, இழுவை முழுவதும் கொசுவம் மிச்சமிருக்கும் தடித்த பகுதிக்குத் தாவுகிறது. அது விரிகிறது, விறைக்கிறது, தன் பக்கத்துப் பகுதியிடம் இழுவையை ஒப்படைக்கிறது. எந்த இடம் தடித்திருக்கிறதென்று ரொட்டி போடுபவர் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. மாவே அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. விரிய விரிய இறுகும் இந்தப் பண்புதான் அடுமனை ரொட்டிக்குள் வாயுக் குமிழிகள் வெடிக்காமல் பெருக்கவும் துணைநிற்கிறது.

வீச்சின் பங்கு எளியது. ஒரு விளிம்பைப் பிடித்துச் சுழற்றும்போது மறு விளிம்பு நிலைமத்தால் வெளிநோக்கி ஓட, விரல் நுனிகளில் குவிந்திருக்கக்கூடிய இழுவை விரிந்த மாவுத் தாள் முழுவதும் பரவுகிறது. மேசையில் தடவிய எண்ணெய் தாளை ஒட்டவிடாமல் வழுக்கி விரியச் செய்கிறது.

கைராசி என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. பழகிய கை மாவின் தளர்வைத் தொட்டே அறியும் என்பது உண்மை. அது ஆண்டுக்கணக்கான உழைப்பின் பயன், பிறப்பிலேயே வாய்த்த வரமன்று. பழகவந்த இளைஞர் ஒருவரிடம் உனக்கு ராசியில்லை என்று சொல்லும் முன், அவர் கையில் கொடுத்த உருண்டை எத்தனை மணி நேரம் ஊறியது என்று கேட்டிருக்க வேண்டும். மாவின் இயக்கத்தைப் பற்றிய ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி அடுமனை ரொட்டியைச் சுற்றியே வளர்ந்திருப்பதும் எனக்குக் குறையாகவே படுகிறது. இரவு முழுதும் முப்பது பாகை வெப்பத்தில் ஊறும் ஒட்டுக்கடை மாவை அளந்து பார்க்க நம் வட்டாரப் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்கினால், அந்தப் பணம் வீணாகாது.

விரித்த தாளை மடித்துக் கல்லில் போட்ட பிறகு நடப்பவை பலரும் அறிந்தவை. அடுக்குகளுக்கிடையே உள்ள கொழுப்பு அவற்றை ஒட்டவிடாமல் காக்கிறது. நீர் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் பெருத்து அடுக்குகளைத் தூக்குகிறது. மேற்பரப்பில் சூட்டில் புரதமும் சர்க்கரையும் வினைபுரியும் மயார்டு வினை பொன்னிறத்தையும் மணத்தையும் தருகிறது. இறக்கியவுடன் இரு கைகளாலும் தட்டுவது, சூட்டில் விறைத்த அடுக்குகளை ஆவி அடங்கிப் படிந்துவிடும் முன் பிரித்துவைப்பதற்காக.

வாசகி அடுத்த முறை மாவை மாலையிலேயே பிசைந்து, உருண்டைகளாக்கி, மாஜரினில் மூழ்கவைத்து மூடி வைக்கட்டும். குளிர்பெட்டியில் வைத்தால் தளர்வு மிக மெதுவாகும் என்பதால், வீசும் முன் வெளியே எடுத்து நன்றாகச் சூடு திரும்பவிட வேண்டும். காலையில் ஓர் உருண்டையை விரலால் அழுத்திப் பார்க்கலாம். பள்ளம் உடனே எழும்பி வந்தால் சங்கிலிகள் இன்னும் விறைப்பாக இருக்கின்றன, மேலும் காத்திருக்க வேண்டும். விரலின் தடம் அப்படியே நின்றால் வீசத் தொடங்கலாம்.