செஞ்சதுக்கம்

மாஸ்கோவின் நடுவே, கிரெம்ளின் மதிலை ஒட்டி அமைந்த பழைய பொதுவெளியைத் தமிழில் ‘செஞ்சதுக்கம்’ என்றும் ‘சிவப்புச் சதுக்கம்’ என்றும் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றே என்று தோன்றினாலும், முன்னதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு.

ரஷ்ய மொழியில் அதன் பெயர் ‘கிராஸ்னயா புளோஷாத்’. ‘கிராஸ்னயா’ என்பதற்கு இன்று சிவந்த என்றே பொருள். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் இப்பெயர் வழக்குக்கு வந்தபோது அச்சொல் அழகிய, சிறந்த என்னும் பொருளையும் தாங்கியிருந்தது, பெயரில் அமைந்ததும் அப்பொருளே. அழகானது என்று சொல்ல இன்றைய ரஷ்யர் வழங்கும் ‘கிராசீவி’யும் அதே வேரில் பிறந்தது. ஆகவே 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் செங்கொடியிலிருந்து இப்பெயர் வந்தது என்று கருதுவது பிழை. இப்பெயர் வழக்குக்கு வருமுன் அவ்விடம், சந்தை என்று பொருள்படும் ‘தோர்க்’ என்னும் பெயரால் அறியப்பட்டது.

‘சிவப்பு’ என்னும் சொல்லில் நிறம் மட்டுமே உண்டு. ‘செம்மை’யிலோ நிறமும் சிறப்பும் ஒருங்கே உள்ளன, செந்தமிழ் என்னும்போது நாம் நிறத்தை நினைப்பதில்லை. ரஷ்யச் சொல்லின் இரு பொருளையும் ‘செம்’ என்னும் ஓரசை தாங்கிவிடுவது வியப்புக்குரியது.

‘புளோஷாத்’ தட்டையான வெளியைக் குறிக்கும் வேரினது. நான்கு என்னும் எண் அதில் இல்லை. ‘சதுக்கம்’ வடமொழிச் ‘சதுஷ்க’த்தின் வழிவந்தது, வட இந்திய நகரங்களின் ‘சௌக்’கும் அதன் உறவே. நான்கு தெருக்கள் கூடுமிடம் என்பதே இதன் பழம்பொருளாகும். திருமுருகாற்றுப்படை ‘சதுக்கமும் சந்தியும்’ என்று முருகன் உறையும் இடங்களை அடுக்குகிறது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் பொய்ச்சான்று கூறுவோரையும் புறங்கூறுவோரையும் பூதம் புடைத்துண்ணும் இடத்துக்குப் பூத சதுக்கம் என்று பெயர். எனவே சதுக்கம் சதுரமாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. செஞ்சதுக்கமே சுமார் 330 மீட்டர் நீளமும் 75 மீட்டர் அகலமும் கொண்ட நீள்வெளிதான்.

வடமொழி வேரை விலக்க விரும்புவோர்க்கு மக்கள் கூடும் பொதுவெளியைக் குறித்த ‘மன்றம்’ நெருங்கிய தமிழ்ச்சொல்லாகும். எனினும் நீதிமன்றம், சட்டமன்றம் என்று அச்சொல் இன்று அவைகளுக்கு உரியதாகிவிட்டமையால், ‘செம்மன்றம்’ என்று எழுதினால் படிப்பவர் ஓர் அவையையே எண்ணுவார். ‘நாற்சந்தி’யோ சாலைகளின் சந்திப்போடு நின்றுவிடும். இக்காரணங்களால் ‘செஞ்சதுக்கம்’ என்றே எழுதலாம்.